நேர்காணலுக்குப் போக ரயில் காசு: கல்லூரி வேலைவாய்ப்பு மையத்துக்குப் புதிய நிதியை எங்கே தேடுவது?

கேள்வி: பொருளியல் ஆசிரியர், திருநெல்வேலி

வணக்கம். திருநெல்வேலிச் சீமையில் அரசு உதவி பெறும் கல்லூரி ஒன்றில் பொருளியல் கற்பிக்கிறேன். ஆறு ஆண்டுகளாக வேலைவாய்ப்பு மையத்தின் பொறுப்பும் என்னிடம்தான் இருக்கிறது. அதற்குத் தனிச் சம்பளம் கிடையாது. வகுப்புகள் முடிந்த பிறகு பார்க்கும் வேலை. அதை ஒரு குறையாகச் சொல்லவில்லை. பிடித்துத்தான் செய்கிறேன்.

சென்ற ஆடி மாதம் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். முக்கூடல் பக்கத்திலிருந்து வந்து பி.காம். முடித்த மாணவி ஒருத்தி. சென்னை நிறுவனம் ஒன்று இணையவழியில் இரண்டு சுற்று நடத்திவிட்டு, கடைசிச் சுற்றுக்கு நேரில் வரச் சொன்னது. எங்கள் கல்லூரியில் மூன்று பேருக்குத்தான் அந்த அழைப்பு வந்தது. இவள் போகவில்லை. கேட்டதற்குக் காய்ச்சல் என்றாள். மாற்றுச் சான்றிதழ் வாங்க அம்மாவோடு வந்தபோதுதான் உண்மை தெரிந்தது. அம்மா பீடி சுற்றுகிறவர். "காய்ச்சல் எல்லாம் இல்லை சார். இவளைத் தனியே அனுப்ப மனம் வரவில்லை. நானும் கூடப் போனால் இரண்டு பேருக்கு ரயில், ஒரு நாள் தங்கல், சாப்பாடு என்று மூவாயிரத்துக்கு மேல் ஆகும். அந்த வாரம் கையில் இல்லை" என்றார். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் வீட்டில் மூவாயிரம் என்பது என்ன என்று எனக்குத் தெரியும். என்னிடம் கேட்டிருக்கலாமே அம்மா என்றேன். "நீங்கள் தந்தால் அது உங்கள் சொந்தக் காசு. அதை எப்படி சார் வாங்குவது?" என்றார்.

அவர் சொன்னது சரி. மையத்தின் கணக்கில் அதற்கென்று ஒரு செலவுத் தலைப்பு இருந்திருந்தால், கூச்சமில்லாமல் கையெழுத்துப் போட்டு வாங்கிப் போயிருப்பார். எங்கள் கணக்கில் அப்படி ஒரு தலைப்பே இல்லை.

இப்போது வரவு செலவு. 2,400 மாணவர்களிடம் ஆண்டுக்கு நூறு ரூபாய் வாங்குகிறோம், 2,40,000. நிர்வாகம் அதே அளவு தந்துகொண்டிருந்தது. இந்த ஆண்டு அதைப் பாதியாக்கிவிட்டார்கள். மொத்தம் 3,60,000. பயிற்சி அலுவலர் ஒருவருக்கு மாதம் 18,000 சம்பளம். அதிலேயே 2,16,000 போய்விடுகிறது. மீதியில் ஆங்கிலப் பயிற்சி, திறனறித் தேர்வு, வருகிற நிறுவனத்தாருக்குச் சாப்பாடு, இன்டர்நெட் எல்லாம். 2023 டிசம்பர் வெள்ளத்தில் தாமிரபரணி எங்கள் தரைத்தள அறைக்குள் இடுப்பளவு நின்றது. 22 கணினிகளில் 14 வீணாயின. பழைய மாணவர் ஒருவர் பத்துக் கணினி வாங்கித் தந்தார். அவருக்கு என்றும் நன்றி உண்டு. ஆனால் அப்போதுதான் ஒன்று புரிந்தது: பொருள் கேட்டால் தருவதற்கு ஆள் இருக்கிறது, ஆளுக்குச் சம்பளம் கேட்டால் யாரும் தருவதில்லை. நாடாளுமன்ற உறுப்பினரின் தொகுதி மேம்பாட்டு நிதியைக் கேட்கலாம் என்றார்கள்; அது நிலைத்து நிற்கும் சொத்துகளுக்கான நிதி, சம்பளத்துக்கோ பயணத்துக்கோ ஆகாது. பதினொன்றாம் ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் பல்கலைக்கழக மானியக் குழு, கல்லூரிகளின் வேலைவாய்ப்பு வழிகாட்டல் பிரிவுகளுக்கென்றே பணம் தந்தது. ஐந்தாண்டுத் திட்டங்களே 2017 உடன் முடிந்துவிட்டன.

மாணவர் கட்டணத்தை இருநூறாக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. நான் சம்மதிக்கவில்லை. அந்த அம்மாவிடமிருந்து இன்னொரு நூறு வாங்கி அந்த அம்மாவுக்கே திருப்பித் தருவதற்கு மையம் எதற்கு?

ஆண்டுக்கு இரண்டரை லட்சம் புதிதாக வேண்டும். அதுவும் ஆளுக்கும் பயணத்துக்கும் செலவிடக்கூடிய பணமாக வேண்டும். இதைச் செய்து பார்த்தவர்கள் வழி சொல்லுங்கள்.

பதில் 1: மனிதவளப் பிரிவு அலுவலர், சென்னை

சார், வணக்கம். எனக்கு விக்கிரமசிங்கபுரம். சென்னையில் ஓர் உற்பத்தி நிறுவனத்தில் பதினோரு ஆண்டுகளாக ஆள்சேர்ப்பு பார்க்கிறேன். கல்லூரிகளிலிருந்து நிதி கேட்டு வரும் கடிதங்கள் என் மேஜையைத் தாண்டித்தான் போகும். பெரும்பாலானவை திரும்பிவிடும். எங்களிடம் பணம் இல்லாமல் இல்லை சார். கடிதம் தவறான பைக்கு எழுதப்பட்டிருக்கும்.

நிறுவனத்துக்கு இரண்டு பைகள் உண்டு. முதலாவது சிஎஸ்ஆர், அதாவது நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி. கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 135. நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி, இந்த மூன்றில் ஏதாவது ஒன்றை எட்டிய நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். என்னென்ன பணி என்று சட்டத்தின் ஏழாம் அட்டவணை சொல்கிறது. கல்வியும், வேலைவாய்ப்பை வளர்க்கும் தொழில்திறன் பயிற்சியும் அதில் இருக்கின்றன. நிறுவனம் இயங்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் இருக்கிறது. கங்கைகொண்டான் சிப்காட்டில் டயர் ஆலை, சூரிய மின்தகடு ஆலை என்று பெரிய ஆலைகள் இருக்கின்றன. சட்டம் சொல்லும் அந்த "வட்டாரம்" உங்கள் மாணவர்களின் ஊர்கள்தான்.

ஆனால் ஆலை வாசலில் இருக்கும் மேலாளரால் கையெழுத்துப் போட முடியாது. சிஎஸ்ஆர் குழு தலைமை அலுவலகத்தில், பெரும்பாலும் வெளியூரில் இருக்கும். ஆலையின் மனிதவள மேலாளரிடம் பணம் கேட்காதீர்கள். "இந்தக் கல்லூரிப் பிள்ளைகளை எங்களுக்குத் தெரியும், இன்ன பயிற்சி இருந்தால் நன்றாக இருக்கும்" என்று ஒரு பக்கக் கடிதம் கேளுங்கள். அதை இணைத்துத் தலைமை அலுவலகத்துக்கு எழுதுங்கள். அந்த ஒரு பக்கத்துக்கு இருக்கும் மதிப்பு, நாற்பது பக்கக் கல்லூரி அறிக்கைக்கு இல்லை.

காலமும் முக்கியம். நிதியாண்டு முடியும் மார்ச்சில் மிச்சத்தைச் செலவழிக்க அவசரப்படுவோம். அப்போது உடனே கிடைப்பது கணினியும் நாற்காலியும்தான், ஏனென்றால் அவற்றுக்கு ஒரே பில் போதும். பயிற்சி அலுவலர் சம்பளம் போலப் பன்னிரண்டு மாதம் ஓடும் செலவு வேண்டுமென்றால், அடுத்த ஆண்டுத் திட்டம் எழுதும் டிசம்பர், ஜனவரியிலேயே கடிதம் வந்துவிட வேண்டும். "சம்பளம்" என்று மொட்டையாக எழுதாதீர்கள். "ஆண்டுக்கு 300 கிராமத்து மாணவர்களுக்கு 120 மணி நேரப் பயிற்சி, அதை நடத்தும் பயிற்சியாளர் செலவு, நேர்காணல் பயணச் செலவு" என்று எழுதுங்கள். அதுதான் உண்மையும்கூட.

இரண்டாவது பை ஆள்சேர்ப்புச் செலவு. இதைப் பற்றிக் கல்லூரிகள் யோசிப்பதே இல்லை. வெளி முகவர் மூலம் ஒருவரை எடுத்தால் ஏறத்தாழ அவருடைய ஒரு மாதச் சம்பளத்தை முகவருக்குத் தருவது வழக்கம். உங்கள் கல்லூரியில் எடுத்தால் சாப்பாடு போட்டு அனுப்புகிறீர்கள். ஆண்டுக்கு இருபத்தைந்தாயிரம் என்று பங்காளர் கட்டணம் வைத்து, தொடர்ந்து வரும் எட்டு நிறுவனங்களிடம் கேட்டால் நாலைந்தாவது தரும். ஆனால் பணம் தந்தவருக்கு நல்ல மாணவர்களை முதலில் காட்டுவது, ஒரு மாணவருக்கு இவ்வளவு என்று வாங்குவது, இரண்டும் வேண்டவே வேண்டாம். சிறிய நிறுவனங்களை இலவசமாகவே வர விடுங்கள். மாணவர்களுக்கு அளிக்கும் சேவைக்குத்தான் ஜிஎஸ்டி விலக்கு. நிறுவனத்திடம் வாங்கும் கட்டணத்துக்கு அது பொருந்தாது. ஆடிட்டரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

இரண்டு பைகளையும் கலக்காதீர்கள். விளம்பரப் பலன் எதிர்பார்த்துத் தரும் பணத்தை சிஎஸ்ஆர் என்று காட்டக்கூடாது என்று 2021இல் விதியையே திருத்திவிட்டார்கள். "உங்கள் பெயரில் பெரிய பலகை வைக்கிறோம்" என்று சிஎஸ்ஆர் குழுவுக்கு எழுதினால் அந்த வரிக்காகவே கடிதம் நின்றுவிடும்.

பதில் 2: ஓய்வு பெற்ற கண்காணிப்பாளர், அம்பாசமுத்திரம்

தம்பி, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். கல்லூரி அலுவலகத்தில் முப்பத்து நான்கு ஆண்டுகள் இருந்தவன். எங்கே தேடுவது என்று கேட்கிறீர்கள். அதற்கு முன்னால், வந்த காசை எங்கே போடப் போகிறீர்கள் என்று நான் கேட்கிறேன்.

நான் வேலை பார்த்த இடத்தில் பழைய மாணவர்கள் ஒன்றுகூடி, பிள்ளைகளின் போட்டித் தேர்வுப் பயிற்சிக்கென்று இரண்டு லட்சம் திரட்டித் தந்தார்கள். அந்தக் காலத்து இரண்டு லட்சம். அது பொதுக் கணக்கில் வரவு வைக்கப்பட்டது. அந்த ஆண்டு சுற்றுச்சுவர் இடிந்தது. சுவர் கட்டினார்கள். யாரும் ஒரு பைசா திருடவில்லை. சுவரும் இன்றுவரை நிற்கிறது. ஆனால் அந்தப் பழைய மாணவர்கள் அதன் பிறகு கல்லூரிப் பக்கம் திரும்பவில்லை. பொதுக் கணக்கில் விழுந்த காசு ஆற்றில் விழுந்த மழை. எந்த ஊர் மழை என்று பிறகு பிரித்துச் சொல்ல முடியாது. அந்தப் பேரேட்டில் வரவு எழுதியது என் கை. இன்றும் உறுத்துகிறது.

அதனால் முதலில் தனி வங்கிக் கணக்கு. இரண்டு கையெழுத்து; அதில் ஒன்று கல்லூரிச் சம்பளம் வாங்காதவருடையதாக இருக்கட்டும். ஒவ்வொரு சித்திரையிலும் வரவு செலவைத் தமிழில் ஒரே தாளில் எழுதி நூலக வாசலில் ஒட்டுங்கள்.

பழைய மாணவர் சங்கம் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975இன் கீழ் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். பதிவு இருந்தாலும் ஆண்டுக் கணக்கைப் பதிவாளருக்கு அனுப்பாமல் பல சங்கங்கள் கிடக்கின்றன. அதைச் சரிசெய்து, சங்கத்துக்கு வருமான வரி விலக்குத் தரும் 12ஏ, நன்கொடை தருகிறவருக்கு வரிச் சலுகை தரும் 80ஜி என்று வழங்கும் பதிவுகளை வாங்க வேண்டும். மேலே அந்த மகள் சொன்ன சிஎஸ்ஆர் பணத்தைச் சங்கம் வாங்க வேண்டுமென்றால் அவற்றோடு மூன்றாண்டு வேலை செய்த அனுபவமும், சிஎஸ்ஆர்-1 என்ற படிவத்தில் பதிவும் வேண்டும். 2021 ஏப்ரல் முதல் அது கட்டாயம். சங்கத்தால் உடனே முடியாவிட்டால், உங்கள் கல்லூரியை நடத்தும் அறக்கட்டளைக்கு இவை இருக்கின்றனவா என்று கேளுங்கள். 80ஜி இருந்தாலும் ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் தந்தால் தந்தவருக்கு வரிச் சலுகை இல்லை. புதிய வரி முறையைத் தேர்ந்தவருக்கு எப்படித் தந்தாலும் இல்லை. தருகிறவரிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். பிறகு தெரிந்தால் ஏமாற்றியது போல ஆகும்.

இனி உங்கள் கேள்வி. பெரிய கொடையாளர் ஒருவரைத் தேடி அலைய வேண்டாம். நம் தெற்கத்தி வியாபாரிகள் மகமை என்று ஒன்று வைத்திருந்தார்கள். கடையில் நடக்கும் வியாபாரத்தில், மூட்டைக்கு இவ்வளவு என்று சிறு தொகையைப் பொதுவுக்கு எடுத்து வைப்பது. விருதுநகரில் வீடு வீடாகப் பிடியரிசி சேர்த்துப் பள்ளிக்கூடம் நடத்தினார்கள். காமராசர் படித்த சத்திரிய வித்யாசாலை அப்படி வளர்ந்ததுதான். உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசி தனியே போனால் எந்த வீட்டுக்கும் பாரம் இல்லை. ஆனால் நாள் தவறாமல் வந்தது. உங்களுக்கு வேண்டியது அந்த மாதிரிப் பணம். சம்பளம் மாதாமாதம் கொடுக்க வேண்டியது. வரவும் மாதாமாதம் வந்தால்தான் பொருந்தும். மாதம் நூறு ரூபாய் தரும் 300 பழைய மாணவர்கள் கிடைத்தால் 30,000. இந்தக் காலத்தில் யுபிஐயில் ஒரு முறை அனுமதி கொடுத்துவிட்டால் தானாகவே பிடித்துக்கொள்கிறதாமே, என் பேரன் காட்டினான்.

இன்னொன்று. எல்லாக் கல்லூரியிலும் அறக்கட்டளைச் சொற்பொழிவு என்று வைப்புநிதி போட்டிருப்பார்கள். வட்டியில் பேச்சாளருக்கு ரயில் டிக்கெட்டும் பொன்னாடையும். அதே முறையில் நேர்காணல் பயண அறக்கட்டளை ஒன்று ஏன் இருக்கக் கூடாது? ஒரு லட்சத்துக்கு 7 சதவீத வட்டி என்றால் ஆண்டுக்கு 7,000. உங்கள் முக்கூடல் பிள்ளையைப் போல இரண்டு பேர் அம்மாவோடு போய் வரலாம். தாய் தகப்பன் பெயரில் செய்ய ஆசைப்படுகிறவர்கள் நம் ஊரில் நிறைய.

பதில் 3: பழைய மாணவர், ஷார்ஜா

அண்ணாச்சி சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். எனக்கு மேலப்பாளையம். இங்கே எங்கள் கட்டடத்திலேயே நெல்லைக் கல்லூரிகளில் படித்தவர்கள் ஒன்பது பேர் இருக்கிறோம். மாதம் நூறு என்ன, ஐந்நூறு தருவோம். யாரும் கேட்டதில்லை. கேட்டவர்களும் நூற்றாண்டு மண்டபத்துக்குத்தான் கேட்டார்கள்.

வெளிநாட்டுப் பணம் என்றதும் கல்லூரி அலுவலகங்கள் பயந்துவிடுகின்றன. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சொந்தச் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாக அனுப்புவது, வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி வெளிநாட்டு நன்கொடை ஆகாது. வளைகுடாவில் இருக்கும் நாங்கள் ஏறக்குறைய எல்லோரும் இந்தியக் குடிமக்கள்தான். அமெரிக்கா, கனடா என்று போய் அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கியவர்கள் விஷயம் வேறு. அவர்கள் நம் ஊர்க்காரர்களாகவே இருந்தாலும் சட்டத்தின் கண்ணில் வெளிநாட்டவர். அந்தப் பணத்தை வாங்க அதே நன்கொடைச் சட்டத்தின் (எஃப்சிஆர்ஏ) கீழ் பதிவும், டெல்லியில் ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் தனிக் கணக்கும் வேண்டும். எனவே தொடக்கத்திலேயே இரண்டு பட்டியல் போடுங்கள். ஒவ்வொருவரிடமும் பாஸ்போர்ட் முதல் பக்கத்தின் நகலை வாங்கி வையுங்கள்.

பணம் அனுப்புகிறவன் எதிர்பார்ப்பது ஒன்றுதான். இந்த மாதம் என் காசில் யார் எங்கே போனார்கள் என்று ஒரு வரி. பெயர்கூட வேண்டாம். "களக்காடு மாணவி, பெங்களூரு, இரண்டாம் சுற்று" என்று வந்தால் போதும். அதைப் படித்த அன்று இங்கே வெயில் கொஞ்சம் குறைவாகத் தெரியும்.

பதில் 4: வேலைவாய்ப்புப் பொறுப்பாளர், கோவில்பட்டி

உங்களைப் போலவே பாடமும் நடத்தி இதையும் பார்க்கிறவன். சுருக்கமாகச் சொல்கிறேன்.

கணினிக் கூடம் ஞாயிற்றுக்கிழமைகளில் சும்மா கிடக்கிறதா? வங்கித் தேர்வு, அரசுத் தேர்வு என்று எத்தனையோ இணையவழித் தேர்வுகளை நடத்தும் முகமைகள் கல்லூரிக் கூடங்களை வாடகைக்கு எடுக்கின்றன. ஜெனரேட்டர், கேமரா, நல்ல இணைப்பு வேண்டும். அந்த வருமானத்தில் ஒரு பங்கு மையத்துக்கு என்று ஆட்சிக்குழுத் தீர்மானமாகவே எழுதி வாங்கிவிடுங்கள். வாய்மொழி வாக்குறுதி மூன்றாவது மாதம் மறந்துபோகும். என் அனுபவம்.

செலவைக் குறைப்பதும் வரவுதான். 2022 மார்ச்சில் தமிழ்நாடு அரசு தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தில் பயிற்சிகள் இலவசம். அதில் வருவதையே நீங்கள் வெளிப் பயிற்சியாளரை வைத்துத் திரும்ப நடத்துகிறீர்களா என்று பாருங்கள். நாங்கள் இரண்டு ஆண்டுகள் அப்படி நடத்திப் பணத்தை வீணாக்கினோம். போட்டித் தேர்வுக்கு மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டம் இருக்கிறது. பட்டம் முடித்தவர்களைத் தேசியத் தொழிற்பழகுநர் பயிற்சித் திட்டத்தில் சேர்த்தால் குறைந்தபட்ச உதவித்தொகையில் பாதியை மத்திய அரசே தருகிறது. உள்ளூர்ச் சிறு நிறுவனங்கள் ஆள் எடுக்க அது ஒரு தூண்டுதல்.

வேலை கிடைத்த மாணவர்களிடம் முதல் மாதச் சம்பளத்தில் ஒரு சிறு பங்கு கேட்டால் என்ன?

மறுமொழி: பொருளியல் ஆசிரியர், திருநெல்வேலி

எல்லோருக்கும் நன்றி. பதில் எழுத மூன்று வாரமாகிவிட்டது. இடையில் சில வேலைகள் நடந்தன.

கோவில்பட்டி நண்பருக்கு: முதல் மாதச் சம்பளத்தை மட்டும் தொட வேண்டாம் என்று நினைக்கிறேன். அந்தப் பணத்துக்கு வீட்டில் ஏற்கெனவே பத்துச் செலவு காத்திருக்கும். அடகில் இருக்கும் கம்மல் அதில் ஒன்று. இரண்டு ஆண்டு கழித்துக் கேட்கலாம். தேர்வுக்கூடம் பற்றிய யோசனையை அப்படியே எடுத்துக்கொண்டேன். எங்களிடம் இப்போது 18 கணினிகள்தான் இருப்பதால் மையத்தின் கூடம் போதாது. கணினி அறிவியல் துறைத் தலைவர் தங்கள் கூடத்தைத் தரச் சம்மதித்திருக்கிறார்.

அண்ணாச்சி, நீங்கள் சொன்னது போலவே ஆகிவிட்டது. எங்கள் பழைய மாணவர் சங்கம் பதிவாகித்தான் இருக்கிறது. ஆண்டுக் கணக்கை ஏழு ஆண்டுகளாகப் பதிவாளருக்கு அனுப்பவில்லை. பழைய ரசீதுகளைத் தேடி எடுத்திருக்கிறோம். சிஎஸ்ஆர் கடிதத்தை இந்த டிசம்பரில் அறக்கட்டளை பெயரில் அனுப்ப முதல்வர் ஒப்புக்கொண்டார். தனிக் கணக்குக்குத்தான் நிர்வாகத்தில் தயக்கம் இருந்தது. "எங்கள் மேல் நம்பிக்கை இல்லையா?" என்று கேட்டார்கள். நான் வாதாடவில்லை. அந்தச் சுற்றுச்சுவர்க் கதையை மட்டும் சொன்னேன், ஊர் பேர் இல்லாமல். செயலர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இரண்டாவது கையெழுத்துக்கு ஒரு பெயர் சொல்லுங்கள்" என்றார்.

நூறு ரூபாய் மகமைக்கு இதுவரை 41 பேர். முந்நூறுக்கு வெகுதூரம். ஆனால் அதில் ஆறு பேர் பாளையங்கோட்டையில் கடை வைத்திருப்பவர்கள். என்னிடம் படித்தவர்கள், தேர்ச்சி பெறாமல் நின்றவர்களும் அதில் உண்டு. அவர்களாகவே தேடி வந்தார்கள்.

பயண அறக்கட்டளைக்கு முதல் ஒரு லட்சம் வந்துவிட்டது. 1988இல் பொருளியல் முடித்த வகுப்பு, தங்கள் பேராசிரியர் நினைவாகத் தந்தது. மாணவி என்றால் உடன் வரும் ஒருவருக்கும் சேர்த்தே தர வேண்டும், பில் கேட்டு அலைக்கழிக்கக் கூடாது என்று இரண்டு நிபந்தனைகள். அந்த இரண்டையும் விதிமுறையில் முதல் இரண்டு வரிகளாக எழுதிவிட்டோம்.

முக்கூடல் மாணவியை ஃபோனில் பிடித்தேன். உள்ளூரில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறாள். ஐப்பசியில் தூத்துக்குடியில் ஒரு நேர்காணல் இருக்கிறது, போக வர மையமே தரும் என்றேன். "அம்மாவுக்கும் சேர்த்தா சார்?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

ஆடிட்டரை வரும் செவ்வாய்க்கிழமை பார்க்கிறோம். பங்காளர் கட்டணத்துக்கு ஒப்பந்த மாதிரி யாரிடமாவது இருந்தால் அதற்குள் அனுப்பி உதவுங்கள்.